அவள் பாடாத பாட்டு

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இல்லை என்றுதான் பதில் வரும், தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மணி அடித்தாலே எனக்கு ஆகவில்லை. அன்றைக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அடித்ததும் அந்த மணிதான். "கொஞ்சம் மேல வாங்கம்மா" என்று வார்டிலிருந்து நர்ஸ் சொன்னாள். நான் மாடி ஏறுவதற்குள் நான் பெற்ற பாப்பா போய்விட்டாள். அதிலிருந்து போனைத் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். எனக்குப் படிக்கத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சூப்பர்வைசரின் மகள் ஒரு போஸ்டரைக் காட்டினாள். ஏப்ரலில் உங்கள் ஊரில், பழைய ஸ்கேட்டிங் கூடத்தில் பாட்டு ராத்திரியாம். அந்தக் காலத்து எலக்ட்ரானிக் இசையாம். உங்கள் குழுவின் பெயர் மேலே, அதற்குக் கீழே ரோஸ் நிறத்தில் பாப்பாவின் முகம். அவள் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழுவில் இருந்தது மூன்றே பேர். கீபோர்டுக்கு நீங்கள், தாள மிஷினுக்கு உங்கள் கூட்டாளி டப்பா, பாடுவதற்கு அவள். இப்போது யார் பாடப் போகிறார்கள்?

அவள் பாடியதையெல்லாம் நீங்கள் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கூட்டத்தின் முன்னால் போடாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அத்தை


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், சத்தியமாக. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வேலையில் நின்றுகொண்டே இருக்காதீர்கள், ஒரு ஸ்டூல் கேட்டு வாங்குங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. அறை அப்படியே இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போல் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிக்கிறார். பெரிய கீபோர்டில் இரண்டு கட்டை ஒட்டிக்கொண்டது, கழற்றித் துடைத்துச் சரிசெய்தேன். அது என்னைவிட வயதில் மூத்தது. கணினியில் ஒரு தட்டில் வரும் சத்தத்தை இதில் ஏழெட்டுக் குமிழைத் திருகித்தான் வரவழைக்க வேண்டும். ஆனால் இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கிறது. தாங்கள் பிறக்காத காலத்தை நினைத்து உருகுகிறார்கள். "நம்ம அப்பா அம்மா தூக்கிப் போட்ட குப்பையத்தான்டா நாம காசு குடுத்து வாங்குறோம்" என்று டப்பா சிரிக்கிறான்.

ஸ்கேட்டிங் கூடத்தைப் போய்ப் பார்த்தோம். எதிரொலி அதிகம். சுவரில் கனத்த துணி தொங்கவிட வேண்டும். அன்றைக்கு எங்களோடு இன்னும் இரண்டு குழுக்கள் வருகின்றன.

யார் பாடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 25

மாப்பிள்ளைக்கு,

நலம். ஸ்டூல் கேட்டேன், கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மழை வந்தது, கீழ்வீட்டுக்காரர் வந்தார், எதிரொலிகூட வந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

நான் எதற்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். பாப்பாவுக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியபோது, நான் வேலை செய்யும் இடம் என்றுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். அவள் போன அன்று சாயங்காலம் அந்த வார்டின் மூட்டை கீழே எங்களிடம் வந்தது. அதில் அவள் படுத்திருந்த விரிப்பும் இருந்திருக்கும். வேறொருத்தி செய்கிறேன் என்றாள், நான் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து மிஷினுக்குள் போட்டேன். எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரியவில்லை.

அன்றோடு அவளுக்கு எல்லாம் முடிந்தது என்று மனதைத் தேற்றி வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறவர்களைத்தான் ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். செத்தவர்களுக்காவது லீவு வேண்டும் மாப்பிள்ளை. அவளை மேடைக்குக் கூப்பிடாதீர்கள். மாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், எனக்குத் தூக்கம் வரும்.

அத்தை


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். வேலை கழுத்தை நெரிக்கிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். பாடுவதற்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள். இசைக்கருவிக் கடையில் வேலை பார்க்கிறாள். நல்ல குரல். சொன்ன நேரத்துக்கு வருகிறாள், எத்தனை முறை திரும்பப் பாடச் சொன்னாலும் சலித்துக்கொள்வதில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. ஒத்திகை நல்லபடி போகிறது.

நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வயிற்றில் பால் வார்த்தீர்கள். உங்களைச் சந்தேகப்பட்டு ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதானால் வாய் நீளும்.

தண்ணீர் கேட்காவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு வெந்நீர் கொடுங்கள். பாடுகிறவர்களுக்குத் தொண்டைதான் சோறு போடுவது. இத்துடன் ஒரு கழுத்துத் துணி அனுப்பியிருக்கிறேன். நீல நிறம், நானே பின்னியது. பாப்பாவுக்கு என்று ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. இப்போது முடித்தேன். யாருடைய கழுத்திலாவது இருக்கட்டும். அந்தப் பெண் பெயர் என்னவென்று நீங்கள் எழுதவே இல்லையே?

எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.
அத்தை


ஏப்ரல் 20

உனக்கு,

இனி உன்னை மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் வந்திருந்தேன். பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, அந்தக் கூடத்தின் கடைசியில் நின்றேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ மேடையில் பதறக்கூடாது, முடிந்த பிறகு வந்து உன் தலையைத் தடவிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

வாசலில் ஒருவன் என் கையில் காகிதப் பட்டை ஒட்டினான். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஒட்டுவார்களே, அதேதான். உள்ளே ஊதா விளக்கும் ரோஸ் விளக்கும் புகையும். தரையில் ஸ்கேட்டிங் கோடுகள் அழியாமல் இருந்தன, பிள்ளைகள் அதன் மேலேயே ஆடினார்கள். எல்லோரும் நான் வயதுக்கு வந்த காலத்தில் போட்டது போன்ற உடுப்பில் வந்திருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இந்தக் கோட்டு எங்க வாங்கினீங்க? செம ரெட்ரோவா இருக்கு" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினதும்மா" என்றேன். ரொம்ப நாள் கழித்து அங்கேதான் சிரித்தேன்.

முதலில் இரண்டு பெண்கள் கிட்டாரோடு மெதுவாகப் பாடினார்கள். பிடித்திருந்தது. அடுத்து ஒரு பையன் மிஷின்களோடு மல்லுக்கட்டினான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். நீ ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். நடுவில் மைக் மட்டும் நின்றது. நான் அனுப்பிய கழுத்துத் துணி அந்த மைக் கம்பத்தில் கட்டியிருந்தது.

அந்தப் பெண் இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். நீ கட்டையை அழுத்தினாய். பாப்பா பாடினாள்.

பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். அவள் பாடியவை எல்லாமே எனக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் முதலில் எனக்குத்தான் அனுப்புவாள். இது அதில் எதுவுமில்லை. "விளக்கை அணைக்காதே, வந்துகொண்டே இருக்கிறேன்" என்றாள். அப்படி அவள் ஒருநாளும் பாடவில்லை. உன் வார்த்தையை அவள் வாயில் வைத்திருக்கிறாய். பிள்ளைகள் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு முன்னால் நின்றவன், "வாய்ஸ் யாருடா, உருக்குது" என்றான். "செத்துட்டாங்களாம்டா" என்றான் பக்கத்தில் இருந்தவன். "அதான் இப்படி இருக்கு" என்றான் முதலாமவன்.

அதற்கு மேல் நிற்கவில்லை. பஸ்ஸில் அந்தப் பட்டையைக் கிழிக்கப் பார்த்தேன், வரவில்லை. மறுநாள் அதோடுதான் வேலைக்குப் போனேன்.

தண்ணீர் கேட்காத பெண் என்று எழுதினாயே, அதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? நான் அவளுக்காகப் பின்னியதை இரும்புக் கம்பத்துக்குக் கட்டிவிட்டாய். எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 27

அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படியுங்கள்.

பொய் சொன்னேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகும் எனக்கு அது வேண்டியிருந்தது. உங்களிடம் உண்மையைச் சொன்னால் நிறுத்த வேண்டி வரும் என்று பயந்தேன். இதற்கு மேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பாட்டுக்கு அவள் மெட்டு மட்டும்தான் போட்டு வைத்திருந்தாள். வரி எழுதுவதற்குள் படுத்துவிட்டாள். எங்கள் கீபோர்டில் ஒரு குரலை ஏற்றினால், ஒவ்வொரு கட்டையிலும் அந்தக் குரல் ஒவ்வொரு சுருதியில் வரும். அவளுடைய பழைய பாட்டுகளை எழுத்து எழுத்தாக வெட்டி அதில் ஏற்றினேன். "வி" ஒரு பாட்டிலிருந்து, "ளக்" வேறொன்றிலிருந்து. நடுவில் அவள் மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட இன்னொரு பாட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். மூன்று மாதம் இரவும் பகலும் அதே வேலை. டப்பா நடுவில் ஒருநாள், "டேய், போதும்டா, எனக்கே பயமா இருக்கு" என்றான். நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அந்த ஒரு பாட்டு முடியும்வரை அவள் எனக்குப் பக்கத்தில் நின்றாள் அத்தை. கூட்டம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அவளை வைத்து வேடிக்கை காட்டவில்லை. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். பாட்டு முடிந்தது, மறுபடி மைக் கம்பம்தான் நின்றது.

கூடத்துக்காரர்கள் அடுத்த மாதமும் அதே பாட்டைக் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 4

தம்பி,

நலமா? நான் அப்படி இப்படி இருக்கிறேன். முழங்கால் பழகிவிட்டது.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் இத்தனை நாளாக சலவை மிஷின் முன்னால் நின்று யோசித்ததில் அது வெறும் கோபம் இல்லை என்று தெரிந்தது. பொறாமை. உனக்கு அவள் குரல் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

கடைசி வாரம் முழுக்க அவள் தொண்டையில் குழாய் இருந்தது, உனக்கே தெரியும். நீ மருந்து வாங்கப் போன ஒரு மத்தியானம், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அம்மா என்றுதான் அசைந்தது. சத்தம் வரவில்லை. "என்னடி, சொல்லு" என்று குனிந்து காதைக் கொண்டுபோனேன். மிஷின் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அலமாரியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தினமும் ஏதாவது பேசி அனுப்புவாள், நான் கேட்ட கையோடு அழித்துவிடுவேன். எனக்கு எதுவும் குவிந்து கிடக்கக் கூடாது, வேலைப் புத்தி அப்படி. நாளைக்கும் அனுப்புவாள் என்றுதானே நினைத்தேன்.

உன் பதிவுகளில் எங்காவது அவள் அம்மா என்று சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து அனுப்பு. வேறெதுவும் வேண்டாம்.

அத்தை


ஜூலை 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என்னிடமும் இல்லை. அவள் பாடி முடித்ததும் அன்றைக்கே உட்கார்ந்து சுத்தம் செய்துவிடுவேன். இருமல், சிரிப்பு, "திரும்பப் போடு", "பசிக்குது", நடுவில் உங்களிடம் போனில் பேசியது, எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்வேன். "என்னைப் பேசவே விட மாட்ட போல" என்று கேலி செய்வாள். இப்போது என்னிடம் இருப்பதில் அவள் பேச்சு என்று ஒரு சொல்கூட இல்லை. பாட்டுகளில் அம்மா என்ற வார்த்தையே வரவில்லை. முழுக்கத் தேடிவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் சுத்தக்காரர்கள் அத்தை. அவள் பேசியதை நீங்கள் அங்கே அழித்தீர்கள், நான் இங்கே அழித்தேன்.

துண்டுகளை ஒட்டி என்னால் அந்த வார்த்தையைச் செய்ய முடியும். ஆனால் செய்ய மாட்டேன். அது அவள் சொன்னதாக இருக்காது. இதை எனக்குப் புரியவைத்ததே நீங்கள்தான்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 18

தம்பி,

முன்பின் தெரியாத கூட்டத்துக்கு முழுப் பாட்டையே ஒட்டிக் கொடுத்தாய். பெற்றவளுக்கு ஒரு வார்த்தை ஒட்ட உனக்கு நியாயம் இடிக்கிறதோ?

செய்.

அத்தை


ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இத்துடன் ஒரு கேசட்டும், அதைப் போட்டுக் கேட்கச் சின்ன டேப் ரெக்கார்டரும் அனுப்பியிருக்கிறேன். நடுவில் இருக்கும் பெரிய பொத்தானை அழுத்தினால் போதும்.

"அ" அவளுடைய முதல் பாட்டின் ஆரம்பத்திலிருந்து எடுத்தது. "ம்" அவள் வரி மறந்துபோய் முனகிய இடத்தில் கிடைத்தது. "மா" மட்டும் லேசில் அகப்படவில்லை. எங்கே எடுத்தாலும் பாட்டாக இழுத்தது, பேச்சாக வரவில்லை. கடைசியில் ஓரளவு வந்தது. ஆனாலும் முடிவில் கொஞ்சம் ராகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் அதை ஒரு தடவைதான் கேட்டேன். கேட்டதும் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன். இன்னொரு தடவை போடத் துணிவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், நீங்களும் ஒரு தடவை கேட்டுவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். கேட்கும்போது தனியாக இருக்காதீர்கள், சூப்பர்வைசர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பா வேறு குழுவுக்குப் போய்விட்டான். கீபோர்டுக்கு உறை போட்டுவிட்டேன். இனி அவள் குரலைத் தொடுவதாக இல்லை.

கேட்டதும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


அக்டோபர் 11

தம்பி,

நீ அனுப்பியது போன மாதமே வந்துவிட்டது. பதில் போடாததற்குக் காரணம், எனக்கு நேரமே இல்லை.

தனியாகத்தான் கேட்டேன். சமையல் மேடையில் வைத்து, நீ சொன்ன பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் "அம்மா" என்றாள். என் வாய் தானாக "என்னடி" என்றது. கையை வேறு துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு டேப் ஓடுகிற சத்தம்தான்.

திருப்பிப் போட்டேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி என்னடி என்றேன். ராகம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் அவள் அப்படித்தான் இழுப்பாள்.

வேலைக்குப் போய் மூன்று வாரமாகிறது. சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டினாள். "உங்களுக்கு என்னாச்சு, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சே" என்றாள். பாப்பா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், எப்படி வெளியே போவது என்றேன். அவள் வந்த வழியே போய்விட்டாள். போகட்டும்.

விஷயம் இதுதான். அவள் சும்மா கூப்பிடுகிற பழக்கம் உள்ளவள் இல்லை. பசிக்கும், சாவி காணாமல் போயிருக்கும், உன்மேல் ஏதாவது புகார் இருக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், ஏதோ கேட்க வந்தாள், நான் காது கொடுத்தும் கேட்க முடியவில்லை. என்ன வேண்டும் என்று அவள் சொல்லட்டும். அடுத்த வார்த்தையையும் செய்து அனுப்பு. பசிக்குது என்றாவது சொல்லச் சொல். அவள் அன்றைக்கு என்ன கேட்க வந்திருப்பாள் என்று உனக்குத் தோன்றினால் அதையே செய். உனக்குத்தான் அவள் வாயில் வார்த்தை வைக்கத் தெரியுமே.

குரலைத் தொட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். கீபோர்டின் உறையை எடு.

நாளைக் கடத்தாதே தம்பி. அவள் கூப்பிட்டுவிட்டு நிற்கிறாள்.

அத்தை